டியாகோ கார்சியா: துடைக்கப்பட்ட காலடிகள்

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



நோட்டீஸ்ல ‘ஒரு தீவு, ஒரு ராணுவ விமான தளம்’னு போட்டிருக்காங்க. சாதி ஒழிப்பு பேசுற மேடையில இந்துமாக் கடலுக்கு நடுவுல கிடக்கிற தீவைப் பத்தி என்ன பேச்சு, சேரியில ஆயிரம் பிரச்சனை கிடக்கும்போது இது தேவையா என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். எனக்கே தோன்றியதுதான். எனவே நான் இந்தத் தீவுக்குள் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஈழ அகதிகள் முகாம் ஒன்று உண்டு. பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்க வருஷக்கணக்காய்ப் போய் வருகிறேன். 2021 அக்டோபரில் ஒருநாள் அங்கே ஓர் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவருடைய மகன் கனடாவுக்கென்று படகேறிப் போயிருந்தான். “தம்பி, படகு பழுதாகி டியாகோ கார்சியா எண்டு ஒரு தீவில நிக்குதாம். அது எந்த நாடு? நீங்க படிச்சனீங்கள்தானே, சொல்லுங்கோ” என்றார்.

எனக்குத் தெரியவில்லை. குத்துமதிப்பாக “அமெரிக்காக்கா” என்றேன். வீட்டுக்கு வந்து தேடிப் படித்துவிட்டு மறுநாள் போய், “இல்லக்கா, நிர்வாகம் பிரிட்டன், தளம்தான் அமெரிக்காவோடது” என்றேன். அதற்கடுத்த வாரம், “மொரீஷியஸ் எங்களுதுன்னு கேக்குதுக்கா, ஐ.நா. சபையும் அதைத்தான் சொல்லுது” என்று சொல்ல வேண்டியதாயிற்று. அந்தக் கவலையிலும் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஒரு தீவுக்கு மூண்டு பேரோ? அப்ப அங்க இருக்கிற சனம் என்ன சொல்லுது?”

அந்தச் சனத்தைத் தேடிப் போனதுதான் இந்தப் பேச்சு.

முதலில் இடத்தைப் பார்த்துக்கொள்வோம். கன்னியாகுமரியிலிருந்து தெற்கே ஏறக்குறைய 1,800 கிலோமீட்டர். மாலத்தீவுக்கும் தெற்கே சாகோஸ் என்றொரு தீவுக்கூட்டம். சின்னதும் பெரிதுமாக அறுபதுக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ தீவுகள். அவற்றில் பெரியது டியாகோ கார்சியா. பெரியது என்றால் என்ன, மொத்த நிலமே முப்பது சதுர கிலோமீட்டருக்குள். நடுவில் கடல்நீர் தேங்கிய பெரிய காயல், அதைச் சுற்றி வளையல் போல நிலம். மேலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தால் மணலில் ஒருவன் கால் பதித்துவிட்டுப் போன மாதிரி இருக்கும். அமெரிக்கக் கடற்படை இதை வைத்துத் தளத்துக்கு ஒரு செல்லப் பெயர் சூட்டியிருக்கிறது: ‘சுதந்திரத்தின் காலடித் தடம்’. பெயர் வைக்கிறதுல இவங்களை மிஞ்ச முடியாது. ஊரை விட்டுத் தள்ளிவைத்த ஜனங்களுக்கு ‘ஹரிஜன்’ என்று பேர் வைத்தவர்களைப் பார்த்த நமக்கு இது ஆச்சரியமில்லை.

இந்தக் ‘காலடி’ என்ற சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வரும்.

அங்கே இருக்கும் ஓடுதளத்தின் நீளம் 12,000 அடி. குண்டு நிரப்பிய பெரிய விமானங்கள் ஏறி இறங்கும் நீளம். 1991 இல் வளைகுடாப் போரில் பி-52 விமானங்கள் இங்கிருந்து கிளம்பின. 2001 இல் ஆப்கானிஸ்தானுக்கு, 2003 இல் ஈராக்குக்கு. 2025 மார்ச்சில் ரேடாருக்கு எளிதில் சிக்காத பி-2 விமானங்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். விசாரணை இல்லாமல் ஆட்களைக் கடத்திக்கொண்டுபோன விமானங்கள் இரண்டு 2002 இல் இங்கே இறங்கிப் போனதை, பலமுறை மறுத்துவிட்டு, 2008 பிப்ரவரியில் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் டேவிட் மிலிபேண்ட் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். போருக்கு வேண்டிய தளவாடங்களை நிரப்பிய கப்பல்கள் காயலில் தயாராக நிற்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. வழி தெரியாவிட்டால் செல்போனை எடுத்து மேப் பார்க்கிறோமே, அந்த ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களோடு தொடர்பு வைத்து அவற்றைச் சரிபார்க்கும் தரை நிலையங்களில் ஒன்று இந்தத் தீவில் இருக்கிறது. உலகத்தில் யார் எந்தத் தெருவில் நிற்கிறார்கள் என்று காட்டித்தரும் வேலையில் பங்கெடுக்கிற தீவு. அந்தத் தீவில் பிறந்தவன் மட்டும் அங்கே நிற்கக் கூடாது.

சரி, பிறந்தவர்கள் யார்?

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் மொரீஷியசிலிருந்த பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள் மடகாஸ்கர், மொசாம்பிக் பக்கத்திலிருந்து பிடித்துவந்த அடிமைகளை இந்தத் தீவுகளில் கொண்டுபோய் இறக்கினார்கள். தென்னை வைக்க, தேங்காய் உரிக்க, கொப்பரை காயவைக்க, எண்ணெய் ஆட்ட. 1814 இல் தீவுகள் பிரிட்டன் கைக்கு மாறின. 1835 இல் மொரீஷியசில் அடிமைமுறை ஒழிந்தது. அந்த இடத்தை நிரப்ப வந்ததுதான் ஒப்பந்தக் கூலி முறை. நம் ஆட்களைக் கப்பலேற்றியதும் அதில்தான். மொரீஷியசுக்கு மட்டும் 1834க்கும் 1920க்கும் இடையில் ஏறக்குறைய ஐந்து லட்சம் இந்தியர் போனார்கள். தமிழ்நாட்டுத் துறைமுகங்களில் ஏறியவர்களில் கணிசமானோர் பண்ணையடிமைத்தனத்திலிருந்து தப்பித்தால் போதுமென்று ஓடிய நம் ஜனங்கள். மொரீஷியசுக்குப் போன இந்தியக் கூலிகளில் சிலர் சாகோசுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். ஆப்பிரிக்க அடிமையின் பிள்ளையும் இந்தியக் கூலியின் பிள்ளையும் கலந்து, கிரியோல் மொழி பேசி, ஐந்தாறு தலைமுறை அங்கேயே பிறந்து அங்கேயே புதைக்கப்பட்ட ஒரு சமூகம் உருவானது. தங்களை ‘இலுவா’ என்று சொல்லிக்கொண்டார்கள். தீவார் என்று அர்த்தம்.

பிரிட்டிஷ் அரசுக்கு எதிராக 1975 இல் லண்டனில் முதல் வழக்குப் போட்ட சாகோஸ்காரரின் பெயர் மிஷேல் வெங்கடாசென். உரக்கச் சொல்லிப் பாருங்கள். முன்பாதி மாதா கோயில், பின்பாதி நம்ம ஊர். கடலுக்கு அந்தப் பக்கம் போன வெங்கடேசனின் சுவடு அந்தப் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இப்போது 1965க்கு வருவோம். மொரீஷியசுக்கு விடுதலை கொடுக்கலாமா என்று லண்டனில் பேச்சு நடக்கிறது. அதே நேரத்தில் அமெரிக்காவுக்கு இந்துமாக் கடலில் தளம் வேண்டும், ஆனால் தொந்தரவு பண்ண ஆள் இல்லாத தீவாக வேண்டும். மொரீஷியஸ் தலைவர் ராம்கூலத்தைச் சந்திக்கப் போகும் பிரதமர் ஹெரால்டு வில்சனுக்கு அதிகாரிகள் ஒரு குறிப்பு எழுதிக் கொடுக்கிறார்கள்: நம்பிக்கையைக் காட்டியே அந்த ஆளைப் பயமுறுத்துங்கள் என்று. அதாவது, தீவை விட்டால் விடுதலை கிடைக்கும், விடாவிட்டால் கிடைக்காமலும் போகலாம். 1965 நவம்பர் 8 அன்று சாகோஸ் மொரீஷியசிலிருந்து வெட்டியெடுக்கப்பட்டது. விலை முப்பது லட்சம் பவுண்டு. விடுதலைக்கு முன் காலனி நாட்டைத் துண்டு போடாதே என்று அந்த டிசம்பரிலேயே ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டது. யார் கேட்டார்கள்? 1966 டிசம்பர் 30 அன்று பிரிட்டனும் அமெரிக்காவும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. வாடகை கிடையாது. ஆனால் பொலாரிஸ் ஏவுகணை வாங்கிய கணக்கில் 1 கோடியே 40 லட்சம் டாலர் ரகசியத் தள்ளுபடி.

ஜனங்களை என்ன செய்வது? இதுதான் முக்கியமான இடம்.

ஒரு காலனியில் நிலையான குடிமக்கள் இருந்தால் ஐ.நா. சாசனப்படி அவர்களைப் பற்றி வருஷா வருஷம் அறிக்கை கொடுக்க வேண்டும். கேள்வி வரும். எனவே அங்கே ‘குடிமக்களே இல்லை, எல்லாரும் ஒப்பந்தத்துக்கு வந்துபோகிற கூலிகள்’ என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது. வெளியுறவுத் துறையின் சட்ட ஆலோசகர் ஒருவர் 1970 இல் எழுதிய குறிப்பில் ஒரு பகுதிக்கு வைத்திருக்கும் தலைப்பே ‘கட்டுக்கதையைத் தொடர்ந்து காப்பாற்றுதல்’ என்பதுதான். பொய் என்று தெரிந்தே, பொய் என்று தலைப்பும் போட்டுக்கொண்டு எழுதிய அரசாங்கக் காகிதம் இது. நம்ம தாலுகா ஆபீஸ்ல நடக்கிறதுதானே? நாலு தலைமுறையாக் குடியிருக்கிற தெருவைப் பார்த்து ‘இது புறம்போக்கு, நீங்க ஆக்கிரமிப்பாளர்’னு எழுதுற அதே பேனா. பட்டா இருக்கா என்று கேட்பவனுக்குத் தெரியும், அதைக் கொடுக்காதவனே அவன்தான் என்று.

1966 ஆகஸ்டில் அதே துறையின் மேலதிகாரிகள் இருவர் எழுதிக்கொண்ட குறிப்பு பின்னாளில் வெளியே வந்தது. ஒருவர் எழுதுகிறார்: நமக்குப் பாறைகள் வேண்டும், அங்கே கடற்பறவைகளைத் தவிரப் பூர்வகுடி யாரும் இருக்கக் கூடாது, பறவைகளுக்கு இன்னும் கமிட்டி கிடையாது. நகைச்சுவையாம். இன்னொருவர் அதற்குக் கீழே பதில் எழுதுகிறார்: துரதிர்ஷ்டவசமாகப் பறவைகளோடு சில டார்ஜான்களும் ஃப்ரைடே ஆட்களும் இருக்கிறார்கள், அவர்கள் பூர்வீகம் என்னவென்று தெரியவில்லை, அவர்களை மொரீஷியஸ் தலையில் கட்டிவிடலாம். ஃப்ரைடே என்பது ராபின்சன் குரூசோ கதையில் வருகிற அடிமை. பூர்வீகம் தெரியாதாம்! பிடித்துக் கொண்டுவந்து இறக்கியவனுக்குத் தெரியாதா, எங்கிருந்து பிடித்தான் என்று? பூர்வீகத்தை அறுத்ததும் அவனே, ‘உனக்குப் பூர்வீகம் ஏது’ என்று கேட்பதும் அவனே.

இதே காலத்தில் நடந்த இன்னொரு சங்கதியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அல்டாப்ரா என்று வேறொரு தீவு. அங்கேயும் விமான தளம் கட்டத் திட்டம் இருந்தது. அங்கே ராட்சத ஆமைகளும் அபூர்வப் பறவைகளும் உண்டு. விஞ்ஞானிகள் கொதித்தெழுந்தார்கள். ராயல் சொசைட்டி குரல் கொடுத்தது. நாடாளுமன்றத்தில் கேள்வி மேல் கேள்வி. 1967 நவம்பரில் பவுண்டின் மதிப்பு சரிந்து கையிலும் காசில்லாமல் போக, திட்டம் கைவிடப்பட்டது. ஆமை பிழைத்தது. ஆமைமேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால் கமிட்டி இல்லாமல் இருந்தது யாருக்கு என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியேற்றம் துப்பாக்கியோடு தொடங்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து தொடங்கியது. 1968 இல் பெரோஸ் பன்யோஸ் என்ற தீவிலிருந்து ரீத்தா பன்கூல்ட் என்ற தாய், வண்டிச் சக்கரம் ஏறிக் காலில் அடிபட்ட மகளைத் தூக்கிக்கொண்டு மொரீஷியசுக்கு வைத்தியத்துக்கு வந்தார். மகள் பிழைக்கவில்லை. அடக்கம் செய்துவிட்டு ஊர் திரும்பக் கப்பல் டிக்கெட் கேட்டபோது, உங்கள் தீவு விற்கப்பட்டாயிற்று, இனி போக முடியாது என்றார்கள். கணவர் அந்த அதிர்ச்சியில் பக்கவாதம் வந்து விழுந்தார். இப்படி வைத்தியத்துக்கு வந்தவர், சொந்தம் பார்க்க வந்தவர் எல்லாம் கரையிலேயே நின்றுபோனார்கள். தீவில் இருந்தவர்களுக்கு அரிசி, பால்மாவு, மருந்து வரத்துக் குறைந்தது. தோட்டங்களை பிரிட்டிஷ் அரசு 1967 லேயே விலைக்கு வாங்கியிருந்தது.

1971 மார்ச்சில் அமெரிக்கக் கடற்படையின் கட்டுமானப் பிரிவு வந்திறங்கியது. அந்த வருஷம் அமெரிக்கக் கடற்படைத் தலைவர் அட்மிரல் ஜும்வால்ட், ஜனங்களைப் பற்றிய குறிப்பின்மீது எழுதியது மொத்தம் மூன்றே ஆங்கில வார்த்தை. போயே ஆகவேண்டும் என்று பொருள். ஜனங்கள் வளர்த்த நாய்கள் ஏறக்குறைய ஆயிரம். கொப்பரை உலர்த்தும் கொட்டகையில் அடைத்து, ராணுவ வண்டிகளின் புகைக்குழாயை உள்ளே விட்டு மூச்சுத் திணறடித்துக் கொன்றார்கள். குழந்தைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்தது நாம்தான் என்று புரிந்துகொள்ள மொழி தேவையா?

‘நார்ட்வேர்’ என்று ஒரு சரக்குக் கப்பல். குதிரைகளை மேல்தளத்தில் ஏற்றினார்கள். பெண்களும் பிள்ளைகளும் சரக்கு மூட்டை மேல் படுத்துக்கொண்டு வந்தார்கள். ஆளுக்கு ஒரு பெட்டி. 1971 இல் டியாகோ கார்சியா, 1972 இல் சாலமன் தீவுகள், 1973 இல் பெரோஸ் பன்யோஸ் என்று ஒவ்வொன்றாகக் காலி. மொத்தம் 1,500 முதல் 2,000 பேர். அந்தக் கடைசிக் கப்பலில் லிஸ்பி எலிசே என்ற இருபது வயதுப் பெண் நான்கு மாதக் கர்ப்பிணி. குழந்தை உயிரோடு பிறக்கவில்லை. நாற்பத்தைந்து வருஷம் கழித்து, 2018 செப்டம்பரில், ஹேக் நகரத்தில் சர்வதேச நீதிமன்றத்தின் முன்னால் அவருடைய சாட்சியத்தைப் படமாகப் போட்டுக் காட்டினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண் கிரியோலில் பேசினார். கப்பலுக்குள் தாங்கள் மிருகங்களைப் போல, அடிமைகளைப் போல இருந்ததைச் சொன்னார்.

போர்ட் லூயி துறைமுகத்தில் இறக்கிவிட்ட பிறகு என்ன? சேரிதான். ரோஷ் புவா, காசி போன்ற குடிசைப் பகுதிகள். தென்னந்தோப்பு வேலையும் மீன்பிடிப்பும் தெரிந்தவனுக்குக் கரும்பு நாட்டில் என்ன வேலை? வீட்டு வேலை, கப்பல் மூட்டை. மொரீஷியசில் அடிமைகளின் வழிவந்த கிரியோல்களே அடித்தட்டில் இருப்பவர்கள். இவர்கள் அதற்கும் அடியில். ‘இலுவா’ என்ற அவர்களுடைய சொந்தப் பெயரே அங்கே வசைச்சொல்லாகிப் போனது. 1990களில் அந்தப் பெயரை விட்டு ‘சாகோசியர்’ என்று சொல்லிக்கொள்ளத் தொடங்கினார்கள். அடுத்தவன் வாயில் வசையாகிவிட்ட பெயரை உதறிவிட்டுத் தனக்குத்தானே பேர் வைத்துக்கொள்வது எவ்வளவு பெரிய அரசியல் என்பதை இந்த மண்டபத்தில் விளக்கத் தேவையில்லை.

போராட்டத்தை நடத்தியவர்கள் பெண்கள். லிசெட் தலாட், ஷார்லெசியா அலெக்சிஸ், ரீத்தா பன்கூல்ட். பட்டினி கிடந்தார்கள், பிரிட்டிஷ் தூதரகத்தின் முன் உட்கார்ந்தார்கள், போலீசிடம் அடி வாங்கினார்கள், சிறைக்குப் போனார்கள். 1982 இல் பிரிட்டன் நாற்பது லட்சம் பவுண்டு கொடுக்க இறங்கி வந்தது. பணம் வாங்க வந்தவர்களிடம் ஒரு காகிதத்தை நீட்டிப் பெருவிரல் ரேகை வாங்கினார்கள். ஆங்கிலச் சட்ட மொழியில் இருந்த அந்தக் காகிதம், ஊர் திரும்பும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று சொன்னது. கைநாட்டு வாங்கிப் பஞ்சமி நிலத்தை எழுதிக்கொண்ட கதை நம்மிடம் ஊருக்கு ஊர் உண்டு. அந்தக் கதையின் மொரீஷியஸ் பதிப்பு இது.

இங்கே நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 1971 டிசம்பர் 16 அன்று ஐ.நா. சபை இந்துமாக் கடலை அமைதி மண்டலமாக அறிவித்தது. தீர்மானத்தைக் கொண்டுவந்தது இலங்கை. இந்தியா ஆதரித்தது. நம் முற்போக்குத் தோழர்கள் பல வருஷம் ‘டியாகோ கார்சியாவை விட்டு வெளியேறு’ என்று கோஷம் போட்டிருக்கிறார்கள். சரியான கோஷம்தான். பழைய துண்டுப் பிரசுரங்கள் சிலவற்றைத் தேடிப் படித்தேன். ஏகாதிபத்தியம் இருக்கிறது, அணு ஆயுதம் இருக்கிறது, இந்தியப் பாதுகாப்பு இருக்கிறது. அங்கிருந்து துரத்தப்பட்ட ஜனங்களைப் பற்றி, நான் படித்தவற்றில் ஒரு வரி இல்லை. வெறும் பாறை என்று பிரிட்டிஷ் அதிகாரி சொன்னதை நாமும் நம்பியிருக்கிறோம்.

2000 நவம்பரில் லண்டன் உயர்நீதிமன்றம், வெளியேற்றியது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டவர் ரீத்தாவின் மகன் ஒலிவியே பன்கூல்ட். அரசாங்கமும் முதலில் தலையாட்டியது. 2004 ஜூனில் நாடாளுமன்றத்துக்கே போகாமல், மகாராணியின் தனி அதிகாரத்தில் ஓர் ஆணை பிறப்பித்து மறுபடியும் கதவை அடைத்தார்கள். கீழ் நீதிமன்றங்களில் சாகோசியர் ஜெயித்தார்கள். 2008 அக்டோபரில் பிரபுக்கள் சபை நீதிபதிகள் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அரசாங்கத்தின் பக்கம் நின்றார்கள். ஒரே ஒரு ஓட்டில் ஒரு சமூகத்தின் ஊர் போனது.

இப்போது அந்தக் காலடி.

2009 இல் பிரிட்டிஷ் வெளியுறவு அதிகாரி ஒருவர் லண்டனில் இருக்கும் அமெரிக்கத் தூதரகத்தாரிடம் ஒரு யோசனை சொல்கிறார். அந்தக் கடல் முழுவதையும் இயற்கைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்துவிட்டால் ஊர் திரும்புவோம் என்ற கோரிக்கை எழும்பவே முடியாது. அந்தத் தீவுகளில் மனிதக் காலடித் தடமோ ஃப்ரைடே ஆட்களோ இருக்க மாட்டார்கள். தூதரகம் இதை வாஷிங்டனுக்கு எழுதிய கேபிளை விக்கிலீக்ஸ் 2010 டிசம்பரில் வெளியிட்டது. அதற்குள் அந்த ஏப்ரலிலேயே அறிவிப்பு வந்துவிட்டது: ஏறக்குறைய 6,40,000 சதுர கிலோமீட்டர், அன்றைக்கு உலகிலேயே பெரிய கடல் பாதுகாப்புப் பகுதி. டியாகோ கார்சியாவைச் சுற்றிய கடலுக்கு மட்டும் விலக்கு. அணுசக்திக் கப்பல் வரலாம், குண்டு விமானம் வரலாம், தூண்டில் போடுகிறவன் வந்தால் பவளப்பாறை கெட்டுவிடும். புலிக்காக ஆதிவாசியை வெளியேற்றுகிற நாட்டில் இருக்கிற நமக்கு இந்தத் தர்க்கம் புதுசில்லை. 2015 மார்ச்சில் சர்வதேச நடுவர் மன்றம் இந்த அறிவிப்பு கடல் சட்டத்துக்கு விரோதமானது என்று சொன்னது.

‘மனிதக் காலடித் தடம் இருக்கக் கூடாது.’ இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. ‘சாதி ஒழிப்பு’ என்ற நூலாக 1936 இல் வந்த உரையில் பாபாசாகேப் பேஷ்வாக்களின் பூனாவைப் பற்றிச் சொல்கிறார். தீண்டப்படாதவன் இடுப்பில் துடைப்பம் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும். அவன் மிதித்த மண்ணை அவனே பெருக்கிக்கொண்டு போக வேண்டும். பின்னால் வருகிற இந்து அந்தத் தடத்தை மிதித்துவிடக் கூடாதல்லவா! உடம்பு தேவை, உழைப்பு தேவை, தடம் கூடாது. சாகோசில் உழைப்பும் தேவையில்லை என்று ஆனபோது உடம்பையே பெருக்கித் தள்ளினார்கள். தளத்தில் சமைக்க, துணி துவைக்க, துடைக்க ஆயிரக்கணக்கில் பிலிப்பைன்ஸிலிருந்தும் வேறு நாடுகளிலிருந்தும் ஒப்பந்தத்தில் ஆள் கொண்டுவந்தார்கள். பல வருஷம் சாகோசியரை அந்த வேலைக்கும் சேர்த்துக்கொள்ளவில்லை. கூலியாக வந்துபோகலாம், ஊர்க்காரனாக வரக் கூடாது.

2002 இல் சாகோசியருக்கு பிரிட்டிஷ் குடியுரிமை கிடைத்தது. பலர் லண்டனுக்குப் பக்கத்தில் க்ராலி என்ற ஊரில் குடியேறினார்கள். கேட்விக் விமான நிலையத்துக்கு அடுத்த ஊர் அது. அங்கே பலருக்குக் கிடைத்தது அந்த விமான நிலையத்தில் துப்புரவு, எடுபிடி வேலைகள். ஒரு விமான தளத்துக்காகத் துரத்தப்பட்டவன் கையில் இன்னொரு விமான நிலையத்தின் துடைப்பம்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2019 பிப்ரவரி 25 அன்று சர்வதேச நீதிமன்றம், சாகோசைப் பிரித்தது சட்டவிரோதம், பிரிட்டன் விரைந்து வெளியேற வேண்டும் என்று கருத்துரை கொடுத்தது. பதின்மூன்று நீதிபதிகள் ஒருபக்கம், அமெரிக்க நீதிபதி ஒருவர் மறுபக்கம். மே மாதம் பொதுச்சபையில் 116 நாடுகள் ஆதரவு, 6 எதிர்ப்பு. 2025 மே 22 அன்று பிரிட்டனும் மொரீஷியசும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதன்படி இறையாண்மை மொரீஷியசுக்கு. டியாகோ கார்சியா தளம் 99 வருஷக் குத்தகையில் பிரிட்டன் வசம், வருஷத்துக்குச் சராசரியாக 10 கோடியே 10 லட்சம் பவுண்டு. மற்ற தீவுகளில் மொரீஷியஸ் ஆட்களைக் குடியேற்றலாம். டியாகோ கார்சியாவில் கூடாது.

பேச்சுவார்த்தை மேசையில் இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்தன. சாகோசியருக்கு நாற்காலி இல்லை. டியாகோ கார்சியாவில் பிறந்த இரண்டு பெண்கள் கையெழுத்து நாளன்று நடுராத்திரியில் நீதிமன்றத்தில் தடை வாங்கினார்கள். சில மணி நேரம் நின்றது அந்தத் தடை. சாகோசியருக்குள்ளேயே இதில் இரண்டு கருத்து உண்டு. மொரீஷியசோடு நின்று போராடிய ஒலிவியே போன்றவர்கள் வரவேற்றார்கள். க்ராலியில் இருக்கும் பலர், இது எஜமான் மாறுவதுதான் என்று எதிர்த்தார்கள். எந்தப் பக்கம் சரி என்று இங்கே உட்கார்ந்து நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் 1932 இல் பூனாவில் பாபாசாகேபுக்கு மேசையில் ஓர் இடமாவது இருந்தது. இவர்களுக்கு அதுவும் இல்லை.

முகாம் அக்காவின் மகனை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். 2021 அக்டோபரில் அந்தத் தீவுக்குக் கொண்டுபோகப்பட்ட படகில் 89 ஈழத் தமிழர்கள், குழந்தைகளும் சேர்த்து. ராணுவத் தளத்துக்கு நடுவில் வேலி போட்ட ஒரு திடலில் கூடாரம். எலித் தொல்லை. காவல். கடற்கரைக்குப் போவதற்கும் ஆள் கூட வர வேண்டும். பட்டினிப் போராட்டம், தற்கொலை முயற்சிகள். மூன்று வருஷத்துக்கு மேல். 2024 டிசம்பரில் பெரும்பாலானவர்களை பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்கள். அந்த மாதமே அந்தப் பிரதேசத்தின் நீதிபதி, அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம், பெயர்தான் வேறு, அது சிறைதான் என்று தீர்ப்பு எழுதினார். குடியிருக்க ஆளே இல்லாத தீவு என்று அறுபது வருஷம் சொன்னவர்கள் முதன்முதலாகக் குடும்பம் குட்டியோடு ஆட்களை அங்கே இருக்கவிட்டார்கள், கைதிகளாக.

கடைசியாக நம்ம அரசாங்கம். மொரீஷியசுக்கு வடக்கே அகலேகா என்று இரட்டைத் தீவு. அதுவும் கொப்பரைத் தீவு, அதுவும் அடிமைகளின் வழிவந்தவர்கள் வாழ்வது. ஏறக்குறைய முந்நூறு பேர். சாகோசில் தோட்டம் நடத்திய கம்பெனியின் பெயரே சாகோஸ்-அகலேகா கம்பெனிதான். 2015 இல் இந்தியா மொரீஷியசோடு உடன்பாடு போட்டு அங்கே மூன்று கிலோமீட்டர் ஓடுதளமும் கப்பல்துறையும் கட்டியது. 2024 பிப்ரவரி 29 அன்று இரண்டு பிரதமர்களும் காணொளியில் திறந்து வைத்தார்கள். ராணுவத் தளம் இல்லை என்கிறார்கள் இருவரும். முந்நூறு பேருக்கு மூன்று கிலோமீட்டர் ஓடுதளம்! நம்ம ஒன்றியத்துல பஸ் போகாத காலனி எத்தனைன்னு எண்ணிப் பாருங்க. பிரசவத்துக்கு அகலேகாப் பெண்கள் கப்பலேறி மொரீஷியசுக்குத்தான் போக வேண்டியிருந்தது. ரீத்தா பன்கூல்ட் எங்கே போய்த் திரும்ப முடியாமல் நின்றார் என்பதை அந்தத் தீவு ஜனங்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள்.

அன்றைக்கு டிவியில் அந்தத் திறப்பு விழாச் செய்தி ஓடும்போது நான் முகாமில் இருந்தேன். அக்காவின் மகன் அப்போது இன்னும் கூடாரத்தில்தான். திரையில் நீளமாய் ஓடுதளம், ஓரத்தில் தென்னைமரங்கள். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

“இதென்ன தீவு தம்பி? இங்கயும் சனம் இருக்குதோ?”

“இருக்காங்கக்கா. முந்நூறு பேர்.”

“அவையளிட்டக் கேட்டுத்தான் கட்டினவையோ?”

நான் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தேன். பதில் சொல்லவில்லை. உங்களுக்குக் கேள்விகள் இருக்கும், கேளுங்கள்.